அலைக்குளத்தில் மூழ்கும் பிள்ளை சத்தம் போடாது

முழுப் பரீட்சை முடிந்து பள்ளிக்கூடம் பூட்டியதும் எங்கள் பக்கம் வாட்டர் பார்க் பேச்சு ஆரம்பித்துவிடும். கரூரில் அக்னி நட்சத்திரம் தொடங்குவதற்கு முன்பே அனல் காற்று முகத்தில் அறையும். பிள்ளைகளை எத்தனை நாள்தான் டி.வி. முன்னால் உட்கார வைப்பது? இப்போதும் வாட்ஸ்அப் குழுக்களில் ஐந்து டிக்கெட் எடுத்தால் ஒன்று இலவசம் என்று படம் சுற்றிக்கொண்டிருக்கிறது. "போன வருஷம் போனீங்களே, எப்படி இருந்துச்சு?" என்று என்னிடம் இரண்டு மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். போனில் சொல்லி முடிகிற கதை இல்லை. இதையெல்லாம் யாராவது எனக்கு முன்கூட்டியே சொல்லியிருக்கக் கூடாதா என்று அன்று ராத்திரி ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்து ஏங்கியிருக்கிறேன். அதனால் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். பார்க்கின் பெயர் வேண்டாம். நான் சொல்வது எந்தப் பார்க்குக்கும் பொருந்தும்.

மே மாதம் இரண்டாவது வாரம். வீட்டுக்காரர் வேலை பார்க்கும் ஜவுளி ஏற்றுமதி கம்பெனியில் கன்டெய்னர் ஏற்றும் நேரம், லீவு கிடைக்கவில்லை. நான், மாமியார், நாத்தனார், ஒன்பது வயது மகள், ஐந்து வயது மகன், நாத்தனாரின் பதினொரு வயதுப் பையன் என்று ஆறு பேர் வாடகை எர்டிகாவில் விடியற்காலையில் கிளம்பினோம். வண்டிக்கு டோல், டிரைவர் பேட்டா எல்லாம் சேர்த்து 5,200 ரூபாய். டிக்கெட் பெரியவர்களுக்கு 890, பிள்ளைகளுக்கு 740, மூத்தவர்களுக்கு 690. மாமியார் தண்ணீரில் கால்கூட வைக்கப் போவதில்லை என்று சொல்லியும் அவருக்கும் முழு மூத்தவர் டிக்கெட்தான் எடுக்க வேண்டும் என்றார்கள். வெறுமனே வந்து உட்காருகிறவர்களுக்கென்று சில பார்க்குகளில் குறைந்த கட்டணம் உண்டு. கேட்டால்தான் சொல்வார்கள், அதனால் முதல் நாளே போன் பண்ணிக் கேட்டுவிடுங்கள். வார நாளா, சனி ஞாயிறா என்பதைப் பொறுத்து விலை மாறும். வாட்ஸ்அப்பில் வரும் சலுகைப் படத்தின் அடியில் பொடி எழுத்தில் தேதி இருக்கும். நாங்கள் காட்டிய படம் ஏப்ரல் மாதத்தோடு முடிந்துபோனது.

வாசலில் பையைத் திறந்து பார்த்தார்கள். காலையில் எழுந்து கிளறிய எலுமிச்சை சாதத்தையும் உருளைக்கிழங்கு வறுவலையும் திரும்ப வண்டிக்கே கொண்டுபோய் வைக்கச் சொன்னார்கள். உள்ளே போனால் திரும்ப வெளியே வந்து போக முடியாது. மத்தியானம் உள்ளேயே சாப்பிட 1,740 ரூபாய் ஆனது. கைக்குழந்தைக்கான சாப்பாடு, மருந்து மாத்திரை தவிர வேறு எதையும் அநேகமாக எங்கேயும் விடுவதில்லை. மாமியாருக்குச் சர்க்கரை இருப்பதால் மருந்துச் சீட்டைக் காட்டி பிஸ்கட்டும் ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டும் கொண்டுபோனோம், அதைத் தடுக்கவில்லை. அப்புறம் உடை. சுடிதார், சேலை, பருத்தி பனியன் எதோடும் தண்ணீரில் இறங்க விடமாட்டார்கள். நைலான் அல்லது லைக்ரா துணிதான். இது பெண்களைத் தொல்லைப்படுத்தப் போட்ட விதி என்று நாத்தனார் கோபப்பட்டாள். ஆனால் அதில் நியாயம் இருக்கிறது. பருத்தி தண்ணீரை உறிஞ்சிக் கனத்துப்போகும், நூல் பிரிந்து வடிகட்டியில் அடைக்கும், துப்பட்டா சறுக்கில் எங்காவது மாட்டினால் கழுத்துக்கே ஆபத்து. முழங்காலுக்குக் கீழே வரைக்கும் மூடுகிற, முழுக்கை வைத்த நைலான் உடைகள் நம் ஊர்க் கடைகளிலேயே கிடைக்கின்றன. வாசல் கடையில் எனக்கும் நாத்தனாருக்கும் சேர்த்து 1,300 ரூபாய் கொடுத்தோம். அதே உடை கரூர் ஜவஹர் பஜாரில் பாதி விலை இருந்திருக்கும்.

சின்னவனுக்கு மட்டும் முன்னாடியே எடுத்து வைத்திருந்தேன். சுறா மீன் படம் போட்ட கருநீல நீச்சல் உடை, 380 ரூபாய். அவனே கடையில் தேர்ந்தெடுத்தது. இந்தக் கருநீலத்தைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

உள்ளே லாக்கர் ஒன்று எடுத்தோம். வாடகை 200, முன்பணம் 300. ஆறு பேரின் துணிமணி, செருப்பு, மூன்று செல்போன், பர்ஸ், என் தாலிக்கொடி எல்லாம் ஒரே லாக்கரில். சாவி ரப்பர் வளையத்தில் கோத்து நாத்தனாரின் கையில். பாதுகாப்பாகத்தான் இருந்தது. ஆனால் ஓர் அவசரம் என்று வந்தபோது இந்த ஒரே லாக்கரும் ஒரே சாவியும் எங்களை எப்படிக் கட்டிப்போட்டன என்பதை அப்புறம் எழுதுகிறேன். பதினொன்றரை மணி வரைக்கும் எல்லாமே சந்தோஷம்தான். பெரிய சறுக்குகளுக்கு 120 சென்டிமீட்டர், 140 சென்டிமீட்டர் என்று உயரக் கோடு போட்டிருந்தார்கள். என் மகள் 140க்கு ஒரு விரற்கடை குறைவு. அரைமணி நேரம் வரிசையில் நின்று மேலே ஏறிப்போன பிறகு திருப்பி அனுப்பினார்கள். அழுதுகொண்டே இறங்கி வந்தாள். வீட்டுச் சுவரில் பென்சிலால் குறித்து அளந்துவிட்டு, எதில் ஏறலாம் எதில் ஏற முடியாது என்று வீட்டிலேயே சொல்லிக் கூட்டிப்போவது பிள்ளைக்கும் நல்லது.

மத்தியானம் பன்னிரண்டு முதல் மூன்று வரை பார்க்கே அடுப்புமேல் இருந்தது. சிமென்ட் தரையில் வெறுங்காலோடு நடக்க முடியவில்லை, சின்னவனை இடுப்பில் தூக்கிக்கொண்டே திரிந்தேன். ரப்பர் செருப்பு அவசியம் வேண்டும். தண்ணீருக்குள் இருப்பதால் வியர்ப்பது தெரியாது, தாகமும் எடுக்காது, ஆனால் உடம்பு வற்றிக்கொண்டுதான் இருக்கும். பிள்ளைகளை மணிக்கொரு முறை நிழலுக்கு இழுத்துவந்து தண்ணீர் குடிக்க வைத்தோம். இதை நாங்கள் ஒழுங்காகவே செய்தோம்.

மூன்றேகால் மணிக்கு அலைக்குளம் திறக்கப் போவதாக அறிவித்தார்கள். பார்க்கில் இருந்த கூட்டம் முழுக்க அங்கே திரண்டது. பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். அலைக்குளத்தின் ஒரு பக்கம் கடற்கரை போல சரிவாக, கணுக்கால் அளவில் ஆரம்பிக்கும். போகப் போக ஆழம் கூடி, எதிர்ச் சுவர் பக்கம் ஆள் உயரத்துக்குப் போய்விடும். அந்தச் சுவருக்குப் பின்னால்தான் அலை உண்டாக்கும் இயந்திரம். சங்கு ஊதியதும் பத்துப் பதினைந்து நிமிடம் அலை வரும், பிறகு நிற்கும், திரும்ப ஊதும். இடுப்பளவு தண்ணீரில் நிற்கிற பெரியவருக்கு அது விளையாட்டு. அதே இடத்தில் நூற்றெட்டு சென்டிமீட்டர் உயரமுள்ள பிள்ளைக்கு ஒவ்வோர் அலையும் காலைத் தரையிலிருந்து தூக்கிவிடும். அலை திரும்பும்போது இழுக்கவும் செய்யும். கரையில் நிற்பதாக நினைத்துக்கொண்டிருக்கும் பிள்ளை நான்கே அலையில் இரண்டடி உள்ளே போயிருப்பான். அன்றைக்குத் தண்ணீரும் தெளிவாக இல்லை. காலையில் தரையில் வரைந்த மீன்கள் கண்ணுக்குத் தெரிந்தன, மூன்று மணிக்குத் தெரியவில்லை. குளத்தின் ஆழமான இடத்தில் அடித்தளம் கண்ணுக்குத் தெரியாவிட்டால் அதில் இறங்கவே கூடாது என்பது எனக்குப் பிறகுதான் தெரியவந்தது. கலங்கிய தண்ணீர் கிருமிக்கு மட்டும் அடையாளம் இல்லை. கீழே போன பிள்ளையை மேலிருந்து பார்க்க முடியாது என்பதற்கும் அதுதான் அடையாளம்.

நான் சின்னவனின் கையைப் பிடித்துக்கொண்டு என் தொடையளவு தண்ணீரில் நின்றேன். நாத்தனார் எனக்கு வலப்பக்கம். மாமியார் படிக்கட்டில், குடையோடு. பெரிய பிள்ளைகள் இருவரும் டியூப்பில் கொஞ்சம் உள்ளே. மூன்றாவது நான்காவது அலையிலேயே என் மகளின் டியூப் கவிழ்ந்து "அம்மா" என்று அலறினாள். "இவனப் பாத்துக்கோ" என்று நாத்தனாரிடம் கத்திவிட்டு பத்தடி தள்ளியிருந்த அவளிடம் போனேன். சங்குச் சத்தம், ஒலிபெருக்கிப் பாட்டு, நூறு பிள்ளைகளின் கூச்சல். நாத்தனாருக்கு நான் கத்தியது கேட்கவில்லை. அவள் தன் மகனைத் தேடிக்கொண்டிருந்தாள். படிக்கட்டில் இருந்த மாமியார், பேரன் என் பக்கத்திலேயே இருக்கிறான் என்று நினைத்தார். பெரியவர்கள் மூன்று பேர் இருந்தும் பையன் யார் பொறுப்பிலும் இல்லாமல் ஒரு நிமிடம் ஓடிவிட்டது.

நான் மகளைத் தூக்கி நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தேன். இதைத்தான் எல்லாரிடமும் சொல்லவேண்டும் என்று நினைக்கிறேன்: நான் அவனைப் பார்த்தேன். என் கண்ணெதிரே இருந்தான். தலை பின்பக்கமாகச் சாய்ந்திருந்தது, வாய் தண்ணீர் மட்டத்தில் இருந்தது, கண் வானத்தைப் பார்த்தபடி இருந்தது. இரண்டு கையையும் பக்கவாட்டில் விரித்துத் தண்ணீரை அழுத்திக்கொண்டிருந்தான், ஏணியில் ஏறுகிறவன் போல. அழவில்லை. கூப்பிடவில்லை. தண்ணீரை அடித்துத் தெறிக்க விடவில்லை. மிதந்து விளையாடுகிறான் என்றுதான் எனக்குத் தோன்றியது. அடுத்த அலை வந்தது, அவனைக் காணவில்லை. நீலத் தரை, நீலத் தண்ணீர், கருநீல உடை. அவன் இருந்த இடத்தை விட்டுக் கண்ணை எடுக்காமல் பார்த்தும் எனக்கு ஒன்றுமே தெரியவில்லை. மேலே இரண்டு டியூப்கள் ஒன்றோடொன்று முட்டி அந்த இடத்தையே மூடிவிட்டன.

விசில் சத்தம் கேட்டது. மேடையில் நின்றிருந்த காவல் பையனுக்கு இருபது வயது இருந்தால் அதிகம். எனக்கு முன்னாலேயே அவன் கவனித்திருக்கிறான். குதித்து, டியூப்பைத் தள்ளி, ஒரே முக்கில் தூக்கிவிட்டான். அந்தப் பையன் இல்லாவிட்டால் இதை எழுத நான் இருந்திருக்கமாட்டேன். உதடு நீலம் பூத்திருந்தது. கரையில் கிடத்தியதும் கூட்டம் சூழ்ந்துகொண்டது. ஒரு பெரியவர் "தலைகீழாப் பிடிச்சுச் சுத்துங்க, தண்ணி வந்துரும்" என்றார். இன்னொருவர் வயிற்றை அமுக்கக் கை நீட்டினார். அந்தக் காவல் பையன்தான் அவர் கையைத் தட்டிவிட்டு, "வேண்டாங்க, தொடாதீங்க" என்று கத்தினான். மூச்சு இருக்கிறதா என்று பார்த்தான். இருந்தது. ஒருக்களித்துப் படுக்க வைத்ததும் தானாகவே வாந்தி எடுத்து இருமத் தொடங்கினான். எங்கள் ஊர்க் கிணற்றிலும் வாய்க்காலிலும் தண்ணீர் குடித்த பிள்ளைகளைத் தலைமேல் தூக்கிச் சுற்றுவதைச் சின்ன வயதில் நானே பார்த்திருக்கிறேன். டாக்டரிடம் பிறகு கேட்டேன். அப்படிச் சுற்றினாலும் வயிற்றை அமுக்கினாலும் வயிற்றில் உள்ளது மேலேறி மூச்சுக்குழாய்க்குள் போகும், பொன்னான நேரமும் வீணாகும் என்றார். மூச்சு இல்லையென்றால் தாமதிக்காமல் வாயோடு வாய் வைத்து மூச்சுக் கொடுத்து, நெஞ்சை அழுத்த ஆரம்பிக்க வேண்டும். தண்ணீரில் மூழ்கியவர்களுக்கு முதல் தேவை காற்று.

மூழ்குகிறவர் கையை உயர்த்தி "காப்பாத்துங்க" என்று கத்துவார் என்று நாம் எல்லாரும் நினைக்கிறோம். மூச்சு விடவே வழியில்லாதபோது கத்துவது எப்படி? வாய் தண்ணீருக்கு மேலே வருகிற ஒரு நொடியில் மூச்சை இழுக்கத்தான் நேரம் இருக்கும். கையை உயர்த்தவும் முடியாது, மிதக்க முயன்று தானாகவே தண்ணீரை அழுத்தும். இந்தப் போராட்டம் இருபது நொடியிலிருந்து ஒரு நிமிடம் வரைதான் நீடிக்குமாம், பிள்ளைகளுக்கு இன்னும் குறைவு. சத்தம் போடுகிற பிள்ளைக்கு மூச்சு இருக்கிறது. திடீரென்று அமைதியாகிவிட்ட பிள்ளையைத்தான் ஓடிப்போய்ப் பார்க்க வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 2024இல் வெளியிட்ட அறிக்கையில், 2021ஆம் ஆண்டில் மட்டும் உலகம் முழுக்க சுமார் 3 லட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்ததாகவும், அதில் ஏறக்குறைய கால்வாசிப் பேர் ஐந்து வயதுக்குட்பட்டவர்கள் என்றும் இருக்கிறது. படித்தபோது என் கை நடுங்கியது.

முதலுதவி அறையில் ஒரு நர்ஸ் இருந்தார். துடைத்து, போர்த்தி, ஓ.ஆர்.எஸ். கொடுத்தார். விரலில் மாட்டி ஆக்சிஜன் பார்க்கும் கருவி அங்கே இல்லை. மேற்பார்வையாளர் ஒருவர் வந்து "ஒண்ணும் இல்ல மேடம், கொஞ்சம் தண்ணி குடிச்சிருக்கான், பசங்கன்னா சகஜம்" என்று சொல்லிவிட்டு, முதலுதவி பெற்றுக்கொண்டோம், குறை ஏதுமில்லை என்று அச்சடித்த தாளை நீட்டினார். கை கால் ஓடாத நேரம். ஆனாலும் "குறை ஏதுமில்லை" என்ற வரி உறுத்தியது. அதை அடித்துவிட்டு, "மாலை 3.40, அலைக்குளத்தில் மூழ்கித் தூக்கப்பட்டான், இருமல் இன்னும் நிற்கவில்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். நாத்தனாரின் செல்போன் வந்ததும் அதைப் படமும் எடுத்துக்கொண்டேன். பின்னால் எல்லாவற்றுக்கும் கைகொடுத்தது அந்தப் படம் ஒன்றுதான். எந்தத் தாளாக இருந்தாலும் நேரத்தையும் நடந்ததையும் உங்கள் கையால் எழுதாமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

நான்கரை மணி வாக்கில் சின்னவன் என் தோளில் சாய்ந்து கண் சொருக ஆரம்பித்தான். களைப்பு என்றார்கள். ஆனால் மூச்சு வேகமாக வந்தது, ஒவ்வொரு மூச்சுக்கும் விலா எலும்புகளுக்கு நடுவே தோல் உள்வாங்கியது. சளி பிடித்தபோது அவனிடம் நான் பார்த்திருக்கிற மூச்சு இல்லை இது. உடனே கிளம்ப வேண்டும். என் செல்போன் லாக்கரில். சாவியோடு நாத்தனார் பிள்ளைகளைக் கூட்டிவர உடை மாற்றும் அறைக்குப் போயிருந்தாள். டிரைவர் நம்பர் என் போனில் மட்டும்தான் இருக்கிறது. இந்த ஓட்டத்தில் கால்மணி நேரத்துக்கு மேல் போனது. அந்தக் கால்மணி நேரம் என் மார்பில் அவனுடைய மூச்சு இழுக்கிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டே நின்றேன். இனிமேல் போகிறவர்களுக்கு என் வேண்டுகோள்: தண்ணீரில் இறங்காத ஒருவரிடம் ஒரு போன், ஒரு ஏ.டி.எம். கார்டு, கொஞ்சம் ரொக்கம் இருக்கட்டும். டிரைவர் நம்பரை ஒரு சீட்டில் எழுதி அவரிடம் கொடுத்துவிடுங்கள். பிள்ளைகளின் முன்கையில் அழியாத மார்க்கர் பேனாவால் அந்த நம்பரையே எழுதிவிடலாம், தொலைந்துபோனாலும் உதவும்.

மற்றவர்களை அங்கேயே விட்டுவிட்டு நானும் அவனும் மட்டும் வண்டியில் ஏறினோம். டிரைவர் அண்ணன் ஒரு வார்த்தை பேசாமல் ஓட்டினார். முதலில் கண்ணில் பட்ட கிளினிக்கில் நிறுத்தினோம். டாக்டர் இல்லை, ஆக்சிஜனும் இல்லை, இன்னும் பன்னிரண்டு கிலோமீட்டர் போகச் சொன்னார்கள். பிள்ளைகள் பிரிவு உள்ள தனியார் ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது மணி ஐந்து நாற்பது. ஆக்சிஜன் அளவு 90 காட்டியது. மாஸ்க் வைத்து, நெஞ்சுக்கு எக்ஸ்ரே எடுத்தார்கள். "108ஐக் கூப்பிட்டிருந்தா வர்ற வழியிலயே ஆக்சிஜன் வெச்சிருப்பாங்களேம்மா, எந்த ஆஸ்பத்திரியில வசதி இருக்குன்னும் அவங்களுக்குத் தெரியும்" என்றார் டாக்டர். கார் வாசலில் நிற்கும்போது 108 யாருக்கும் ஞாபகம் வராது. அதனால்தான் அழுத்திச் சொல்கிறேன். மூச்சில் சிரமம் தெரிந்தால் 108தான்.

அவர் பொறுமையாக விளக்கினார். நுரையீரலின் சின்னச் சின்னக் காற்றறைகள் ஒட்டிக்கொள்ளாமல் இருக்க உள்ளே ஒரு வழவழப்பான பூச்சு உண்டு. உள்ளே போன தண்ணீர் அதைக் கழுவிவிட்டால் அறைகள் சுருங்கி, நீர் கோக்கும். சிலருக்கு உடனே, சிலருக்குச் சில மணி நேரம் கழித்து. அதனால்தான் தண்ணீரில் மூழ்கி எடுத்த பிள்ளை இருமினால், வேகமாக மூச்சு வாங்கினால், நுரையாகத் துப்பினால், வழக்கத்துக்கு மாறாகத் தூங்கி வழிந்தால் ஆஸ்பத்திரியில் ஆறு முதல் எட்டு மணி நேரமாவது வைத்துப் பார்ப்பார்கள். வாட்ஸ்அப்பில் உலவும் இன்னொரு செய்தியைப் பற்றியும் கேட்டேன், குளித்துவிட்டு வந்த பிள்ளை ஒரு வாரம் கழித்துத் தூக்கத்திலேயே மூழ்கி இறந்ததாகச் சொல்வது. அப்படி இல்லை என்றார். எந்தத் தொந்தரவும் இல்லாமல் விளையாடிக்கொண்டிருக்கிற பிள்ளைக்கு நாள்கணக்கில் கழித்துத் திடீரென்று ஆவதில்லை, அறிகுறி இருந்தால் சில மணி நேரத்திலேயே தெரிந்துவிடும். அதனால் ஒரு மடக்குத் தண்ணீர் குடித்து ஒருமுறை இருமிவிட்டுத் திரும்ப ஓடுகிற பிள்ளையை நினைத்துப் பயப்படத் தேவையில்லை.

அன்று ராத்திரி ஈரமான நைலான் உடைக்கு மேல் ஆஸ்பத்திரிப் போர்வையைச் சுற்றிக்கொண்டு ஏ.சி. அறையில் உட்கார்ந்திருந்தேன். போனில் சார்ஜ் பதினோரு சதவீதம். முன்பணம் 8,000 ரூபாயை ஜீபேயில் கட்டியபின் வீட்டுக்காரரிடம் இடத்தைச் சொல்லிவிட்டு அணைத்துவிட்டேன். பெற்ற பிள்ளை மாஸ்க்குக்குள் மூச்சு விடுவதைத் தனியாகப் பார்த்துக்கொண்டிருப்பது எவ்வளவு பெரிய பாரம் என்று சொல்லத் தெரியவில்லை. கோபம் மாறி மாறி வந்தது, நாத்தனார் மேல், மேற்பார்வையாளர் மேல், என் மேல், வராத வீட்டுக்காரர் மேல். ஒன்றரை மணிக்கு அவர் வந்து தோளைத் தொட்ட பிறகுதான் அழுகை வந்தது. விடியற்காலையில் சின்னவன் கண் திறந்து இட்லி கேட்டான்.

காலை பதினொரு மணிக்கு வீட்டுக்கு அனுப்பினார்கள். பில் 16,850. வீட்டுக்காரரின் கம்பெனி மருத்துவக் காப்பீடு இருக்கிறதே என்று தைரியமாக இருந்தோம். 24 மணி நேரத்துக்குக் குறைவாக ஆஸ்பத்திரியில் இருந்ததால் கொடுக்க முடியாது என்று திருப்பிவிட்டார்கள். பெரும்பாலான காப்பீடுகளில் இதுதான் விதி, பகல்நேர சிகிச்சைப் பட்டியலில் உள்ளவற்றுக்கு மட்டும்தான் விலக்கு. காப்பீட்டுக்காகப் பிள்ளையை ஆஸ்பத்திரியில் வைத்திருக்கச் சொல்லவில்லை. காப்பீட்டை நம்பிக் கையில் பணமில்லாமல் போகாதீர்கள் என்கிறேன். வண்டி வாடகையோடு பார்க்கில் செலவான 13,130, ஆஸ்பத்திரிச் செலவு, வண்டி ராத்திரி தங்கியதற்கு 1,800 என்று எல்லாம் சேர்த்து முப்பதாயிரத்தைத் தாண்டியது. மகளின் டியூஷன் பணத்தை எடுத்துத்தான் சமாளித்தோம்.

பார்க் நிர்வாகத்துக்கு அந்தத் தாளின் படத்தோடு கடிதம் எழுதினேன். கலங்கிய தண்ணீர், கூட்டத்தைக் கட்டுப்படுத்தாதது, முதலுதவி அறையில் ஆக்சிஜன் கருவி இல்லாதது மூன்றையும் குறிப்பிட்டேன். இரண்டு இலவச டிக்கெட் தருவதாகப் பதில் வந்தது. அந்தப் பதிலைப் படித்தபோது வந்த ஆத்திரம் இன்னும் ஆறவில்லை. "உங்கள் பாதுகாப்புக்கு நிர்வாகம் பொறுப்பல்ல" என்று பலகை வைத்துவிட்டால் பொறுப்பு போய்விடாது என்று தெரிந்த வக்கீல் ஒருவர் சொன்னார். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகாரைப் பதிந்திருக்கிறேன். கடிதத்தில் அந்தக் காவல் பையனைப் பாராட்டியும் எழுதியிருந்தேன், அவனிடம் அதைச் சொன்னார்களா என்று கேட்டேன். அதற்குப் பதில் இல்லை.

மகளுக்கு மூன்றாம் நாள் காதுவலி. பார்க் தண்ணீர் காதுக்குள் தங்கியதால் வந்த தொற்று, சொட்டு மருந்தில் சரியாகிவிட்டது. குளித்து முடித்ததும் தலையைச் சாய்த்துத் தண்ணீரை வடித்து, துண்டு நுனியால் வெளிக்காதைத் துடைத்தால் போதும். பட்ஸ் விட்டுக் குடையக் கூடாது.

இனி போகிறவர்களிடம் நான் சொல்வது, தண்ணீரில் பிள்ளைகள் இருக்கும்வரை ஒரு பெரியவருக்குப் பார்ப்பது தவிர வேறு வேலை இருக்கக் கூடாது. போட்டோ எடுப்பது, போன் பேசுவது, பை காப்பது எதுவும் கூடாது. கால்மணி நேரத்துக்கு ஒருவர் என்று மாற்றிக்கொள்ளலாம். மாற்றும்போது பேரைச் சொல்லிக் கூப்பிட்டு, கண்ணைப் பார்த்து, "இப்போ நீதான்" என்று சொல்லி, அவர் "சரி, நான்தான்" என்று திருப்பிச் சொன்ன பிறகே நகர வேண்டும். வீட்டில் இப்போது மொட்டைமாடித் தொட்டியில் குளித்தால்கூட நாத்தனாரும் நானும் இப்படித்தான் செய்கிறோம். நீச்சல் தெரியாத பிள்ளை கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் இருக்க வேண்டும். பத்தடி என்பது கூப்பிடு தூரம்தான், ஆனால் அலையில் அதைக் கடப்பதற்குள் காரியம் முடிந்துவிடும். உடை ஆரஞ்சு, பளிச்சென்ற மஞ்சள், ரோஸ் நிறத்தில் எடுங்கள். நீலம், வெள்ளை, சாம்பல் மூன்றும் குளத்தில் மறைந்துபோகும். கையில் மாட்டும் காற்றுப் பட்டையை நம்பாதீர்கள், அது வழுக்கிக் கழன்றுவிடும். சரியான அளவில், கால்கள் நடுவே வார் போட்டுக் கட்டுகிற லைஃப் ஜாக்கெட் கேட்டு வாங்குங்கள். பல பார்க்குகளில் இலவசமாகவே தருகிறார்கள். அது போட்டிருந்தாலும் கண் எடுக்கக் கூடாது. அலைக்குளத்தில் சின்னப் பிள்ளைகளோடு நிற்பதானால் சங்கு ஊதும்போதே முழங்கால் அளவுக்கு வந்துவிடுங்கள், டியூப் கூட்டத்தை விட்டு விலகி, காவல் மேடை நேராகத் தெரிகிற இடத்தில்.

மாமியார் சின்ன வயதில் முதுகில் சுரைக்குடுக்கை கட்டித் தோட்டத்துக் கிணற்றில் நீச்சல் பழகியவர். "எங்கப்பா கயித்த விடவே மாட்டாருடி" என்று இந்த ஒரு வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். எங்கள் தலைமுறைக்குக் கிணறும் இல்லை, நீச்சலும் தெரியவில்லை. ஆறு வயதுக்கு மேல் பிள்ளைகளுக்கு நீச்சல் சொல்லிக்கொடுப்பது நல்லது என்று உலக சுகாதார நிறுவனமும் சொல்கிறது. தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் நீச்சல் குளங்களில் கோடையில் பழக்க முகாம் நடத்துகிறார்கள், கட்டணமும் தனியார் குளங்களை விடக் குறைவு. சின்னவன் பல மாதம் தலைக்குக் குளிக்கவே பயந்தான், சொம்புத் தண்ணீரை முகத்தில் ஊற்ற விடமாட்டான். அதனால் அவசரப்படுத்தவில்லை. இந்த மாதம் அவனுக்கு ஆறு முடிகிறது. அவனுக்கும் அக்காவுக்கும் எனக்கும் சேர்த்து முகாமுக்கு விண்ணப்பம் வாங்கி வைத்திருக்கிறேன். பெண்களுக்குக் காலையில் தனி நேரம் உண்டா, பெண் பயிற்சியாளர் இருப்பாரா, பயிற்சி நேரத்தில் பெற்றோர் குளத்தின் ஓரத்தில் நிற்கலாமா என்று நாளைக்கு நேரில் போய்க் கேட்கப் போகிறேன்.